வலம் வந்த குதிரை

'சண்டித்தனம்' என்னும் சொல் ஒலிக்காத தமிழ் இல்லம் உண்டோ? உண்ண மறுக்கும் குழந்தையும், பள்ளிக்குப் புறப்பட மறுக்கும் சிறுவனும், வாங்கிய கடனைத் திருப்பித்தர மறுக்கும் நண்பனும் ஒருங்கே பெறும் பட்டம் அது. வண்டியில் பூட்டியபின் அடியெடுத்து வைக்க மறுக்கும் மாட்டையும் குதிரையையும் சண்டி என்று நம் முன்னோர் அழைத்தனர். அந்த மாடும் குதிரையும் நகரத் தெருக்களை விட்டு அகன்ற பின்னரும், சொல் மட்டும் நம் நாவை விட்டு அகலவில்லை. எங்கள் இல்லத்தில் அச்சொல் நாள்தோறும் ஒலித்த காலம் ஒன்று இருந்தது. அதற்குக் காரணம் உண்மையாகவே ஒரு சண்டிக்குதிரை. அக்குதிரையால் நாங்கள் பட்ட தொல்லைகளையும், அத்தொல்லைகளைச் சுற்றிச் சுற்றிப் போனதால் எதிர்பாராமல் எய்திய பேறுகளையும் இம்மலரில் எழுதிவைக்க விழைகிறோம்.

குதிரையால் வந்த இடர் நன்மையாக முடிந்த வரலாறு தமிழர்க்குப் புதிதன்று. பாண்டிய மன்னனுக்குக் குதிரை வாங்கி வரப் பொருளோடு புறப்பட்ட அமைச்சர் திருவாதவூரர், திருப்பெருந்துறையில் குருவைக் கண்டு, குதிரைக்குரிய பொருளைக் கோயிலுக்குச் செலவிட்டார் என்பதும், நரிகள் பரிகளாகி வந்து மீண்டும் நரிகளாயின என்பதும், அதனால் அவர் வைகையின் சுடுமணலில் நிறுத்தப்பட்டார் என்பதும் யாவரும் அறிந்த செய்தி. குதிரை வாங்கப் போன காரியம் கெட்டது. தமிழுக்குத் திருவாசகம் கிடைத்தது. மாணிக்கவாசகர் எங்கே, அல்சூரில் ஜட்கா ஓட்டிப் பிழைத்த எங்கள் தந்தையார் எங்கே! ஒப்பிட நாணுகிறோம். ஆயினும் குதிரை வாங்கிய காரியம் கெட்டதும், அக்கேட்டின் வழியாகவே நல்லது ஒன்று வந்து சேர்ந்ததும் எங்கள் சிறு குடும்பத்திலும் நிகழ்ந்தன.

பெங்களூரில் ஆங்கிலேயர் 1809ஆம் ஆண்டில் படைப்பாளையம் அமைத்ததும், அதனைத் தொடர்ந்து வடஆர்க்காடு முதலிய பகுதிகளிலிருந்து தமிழ் மக்கள் சிப்பாய்களாகவும் வணிகராகவும் கூலியாட்களாகவும் இங்கு வந்து குடியேறியதும் வரலாறு. கன்னடர் இப்பகுதியைத் 'தண்டு' என்பர். எங்கள் பாட்டனார் குடியாத்தத்தை அடுத்த ஒரு சிற்றூரிலிருந்து பிழைப்புத் தேடி இத்தண்டுப் பகுதிக்கு வந்து ஜட்கா ஓட்டத் தொடங்கினார். அவருக்குப் பின் எங்கள் தந்தையார் அதே வண்டியின் முன்பலகையில் அமர்ந்தார்.

இன்றைய இளைஞர்கள் ஜட்காவைத் திரைப்படத்தில்தான் கண்டிருப்பர். இரண்டு சக்கரம், ஒற்றைக் குதிரை, வளைந்த கூரை, உள்ளே வைக்கோல் பரப்பி அதன்மேல் ஒரு பாய். பின்புறமாக ஏறி, கால்களை மடக்கி அமர வேண்டும். பயணிகள் ஏறியதும் வண்டிக்காரர், "முன்பாரம்! கொஞ்சம் பின்னாலே நகருங்கம்மா" என்பார், அவர்கள் நகர்ந்ததும், "இப்போ பின்பாரம்! ஒருத்தர் முன்னாலே வாங்க" என்பார். பாரம் முன்னே மிகுந்தால் குதிரையின் முதுகு நோகும். பின்னே மிகுந்தால் ஏர்க்கால்கள் மேலெழுந்து குதிரையின் வயிற்றுவாரை இழுக்கும். ஆகவே ஜட்காவில் ஏறிய அனைவரும் குதிரையின் நலம் கருதியே அமர நேர்ந்தது. விடியலில் ரசல் மார்க்கெட்டிலிருந்து அல்சூர்க் கடைகளுக்குக் காய்கறி மூட்டைகள், காலையில் பள்ளிப்பிள்ளைகள், மாலையில் தண்டு இரயில் நிலையத்துப் பயணிகள் என்று எங்கள் தந்தையாரின் நாள் கழியும். ஆட்டோ ரிக்‌ஷாக்கள் பெருகிவிட்ட காலம் அது. ஜட்காவைத் தேடி வருவோர் முதியவர்களும், மூட்டை மிகுந்தவர்களும், பணம் குறைந்தவர்களுமே.

1986ஆம் ஆண்டில் எங்கள் பழைய குதிரை வயிற்றுவலி கண்டு ஒரே இரவில் இறந்தது. அடுத்த வேளை அடுப்பெரிய வேறொரு குதிரை வேண்டும். எங்கள் தாயாரின் கழுத்துச் சங்கிலி அடகுக்கடைக்குப் போயிற்று. அப்பணத்தில் 2,500 ரூபாய் கொடுத்துத் தந்தையார் ஒரு செந்நிறப் பெண்குதிரையை வாங்கி வந்தார். பல்லைப் பிடித்து வயதைப் பார்த்தார். குளம்பைத் தூக்கி இலாடம் பார்த்தார். நெற்றியிலும் கழுத்திலும் சுழி பார்த்தார். விற்றவர் குதிரையின் இடப்புறத்தைச் சுவரோடு ஒட்டி நிறுத்தியிருந்ததை மட்டும் பார்க்கவில்லை. அதற்குப் பெயர் பிஜ்லி. மின்னல் என்று பொருள்.

மூன்றாம் நாளே மின்னல் நின்றது. இரவு மெயிலுக்குச் செல்ல வேண்டிய ஒரு குடும்பம் வண்டியில் இருந்தது. இடப்புறம் திரும்ப வேண்டிய தெருமுனையில் பிஜ்லி நான்கு கால்களையும் ஊன்றிக்கொண்டு, தலையை உயர்த்தி, காதுகளைப் பின்னே மடித்து நின்றுவிட்டது. தந்தையார் வாரை இழுத்தார். அது பின்னோக்கி நகர்ந்தது. சாட்டையை ஓங்கினார்; அது முன்னங்கால்களைத் தூக்கியது. ஏர்க்கால் ஒன்று முறிந்தது. பயணிகள் மூட்டைகளைத் தூக்கிக்கொண்டு ஆட்டோ தேடி ஓடினர். அன்று கூலியும் இல்லை. தச்சருக்குக் கொடுக்கக் காசும் இல்லை.

மறுநாளும் அதே கதை. நேராகச் செல்லும், வலப்புறம் திரும்பும், இடப்புறம் என்றால் கல்லாய் நிற்கும். ஆளுக்கு ஓர் அறிவுரை வந்தது. சுழி சுத்தமில்லை என்றார் ஒருவர். வயிற்றின்கீழ் வைக்கோலைக் கொளுத்தினால் தானாக ஓடும் என்றார் மற்றொருவர். "வந்த விலைக்குத் தள்ளிவிடு மாமா" என்றார் எங்கள் தாய்மாமன். தந்தையார் பேசாத மனிதர். வீட்டில் ஒரு நாளைக்கு அவர் பேசும் சொற்களை இரு கைவிரல்களில் எண்ணிவிடலாம். அவர் அனைத்தையும் கேட்டுக்கொண்டார்; ஒன்றையும் செய்யவில்லை. அடித்தார். ஒருவாரம் அடித்தார்.

ஒரு மாலை, லாயத்தில் எங்கள் தங்கை விளக்கெண்ணெய்க் கிண்ணத்துடன் நின்றிருந்தாள். குதிரையின் இடது விலாவில் தடித்துக் கிடந்த சாட்டைத் தழும்புகளில் அவள் எண்ணெய் தடவ முயன்றதும், அவள் கை பட்ட கணத்தில் பிஜ்லி உடல் முழுவதும் நடுங்கியதும், தந்தையார் வாயிலில் நின்று அதனைக் கண்டதும் எங்கள் நினைவில் இன்னும் மறையவில்லை. அவர் சாட்டையை எடுத்துச் சென்று கூரை எறவாணத்தில் செருகினார். அதற்குப்பின் அது அங்கிருந்து இறங்கவே இல்லை.

அன்றிரவு எங்கள் தாயார் சோறு பரிமாறியபடியே சொன்னார்: "கோயில்ல சாமியை வலமாத்தானே சுத்தறோம்? இதுவும் வலமாவே சுத்தட்டுமே!"

வேடிக்கையாகச் சொன்னாரோ, வினையமாகச் சொன்னாரோ, அறியோம். ஆனால் அச்சொல் எங்கள் வாழ்வை மாற்றியது. ஓரிடத்தில் இடப்புறம் திரும்ப வேண்டுமாயின், அம்முனையைக் கடந்து நேரே சென்று, அடுத்தடுத்து மூன்று முறை வலப்புறம் திரும்பினால் அதே தெருவைக் குறுக்கே வெட்டிச் செல்லலாம் அன்றோ? பழைய நாட்காட்டித் தாள்களின் பின்புறத்தில் நாங்கள் தெருக்களை வரையத் தொடங்கினோம். எந்தச் சந்து எங்கே திறக்கும், எதில் வண்டி நுழையும், எதில் சாக்கடை குறுக்கிடும் என்று தந்தையார் ஒவ்வொன்றாகச் சொல்ல, பென்சிலால் குறித்தோம். தந்தையாரும் பிள்ளைகளும் ஒரே விளக்கின்கீழ் ஒரே தாளைக் குனிந்து நோக்கியது அதுவே முதன்முறை.

இப்படி வலமாகவே சுற்றியதில், பிற ஜட்காக்கள் நுழையாத சந்துகளில் எங்கள் வண்டி நாள்தோறும் நுழைந்தது. அச்சந்துகளுக்கு ஆட்டோவும் வருவதில்லை. அவ்வாறு கிடைத்தவர்தாம் டீச்சரம்மா. கன்னடப் பள்ளியொன்றில் ஆசிரியை, முழங்கால் வலியுள்ளவர். தம் வாயிலில் ஜட்கா ஒன்று தானாக வந்து நிற்கக் கண்டு வியந்து, மாதச் சம்பளம் பேசி அமர்த்திக்கொண்டார். அவரைப் பார்த்து அண்டை வீட்டார் மூவர். நிலையத்தில் பயணிகளுக்காக மற்ற வண்டிக்காரர்களோடு மல்லுக்கு நின்ற தந்தையாருக்கு, முதன்முதலாக மாதந்தோறும் உறுதியான வருவாய் ஏற்பட்டது. ஞாயிறுதோறும் டீச்சரம்மா எங்களைத் திண்ணையில் அமர்த்திக் கன்னட எழுத்துகளைக் கற்பித்தார். தமிழ்வழிப் பள்ளியில் பயின்று வந்த எங்களுக்குக் கன்னடம் அதுவரை தேர்வில் அச்சுறுத்தும் பாடமாகவே இருந்தது. அத்திண்ணையில்தான் அது ஒரு மொழியாயிற்று.

பிஜ்லியின் கதையைக் கேட்ட டீச்சரம்மா ஒரு நாள் வினவினார்: "டாக்டரிடம் காட்டினீர்களா?" குதிரையின் சண்டித்தனத்திற்கு மருத்துவரா என்று எங்களுக்கு வியப்பு. ஹெப்பாளத்தில் 1958ஆம் ஆண்டு முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இயங்கி வருவதை அவர்தாம் சொன்னார். அடுத்த விடுமுறையில், வண்டி பூட்டாமல், அல்சூரிலிருந்து ஹெப்பாளம் வரை பிஜ்லியை நடத்தியே அழைத்துச் சென்றோம்.

மருத்துவர் முதலில் கண்ணோரத்துத் தோற்பட்டையை அவிழ்க்கச் சொன்னார். பார்வை பக்கவாட்டில் சிதறாதிருக்க வண்டிக் குதிரைகளுக்குக் கட்டும் பட்டை அது. பின்னர் இடக்கண்ணருகே விளக்கைக் கொண்டுசென்றார். கண் மூடவில்லை, பாவை சுருங்கவில்லை. உள்ளே மெல்லிய நீலப்புகை படிந்தது போலிருந்தது. இடக்கண்ணில் பார்வை அறவே இல்லை என்றார்.

அவர் விளக்கியதை இன்றும் மறவோம். குதிரைக்குக் கண்கள் தலையின் இருபுறமும் அமைந்துள்ளமையால், மூக்கின் நேர்முன்னே சிறிதும் வாலுக்கு நேர்பின்னே சிறிதும் தவிர, ஏறத்தாழச் சுற்றிலும் உள்ள அனைத்தையும் அது ஒரே வேளையில் காண வல்லது. இரைதேடி வரும் விலங்குக்கு அஞ்சி ஓடிப் பிழைக்கும் உயிருக்கு இயற்கை அளித்த காப்பு அது. ஒரு கண் போனால் உலகில் ஒரு பாதி இருண்டுவிடுகிறது. இடப்புறம் திரும்புவது என்பது பிஜ்லிக்கு இருட்டுக்குள் காலெடுத்து வைப்பது. கண்ணின் உட்புறம் மீண்டும் மீண்டும் அழற்சி கண்டு பார்வையைப் பறிக்கும் இந்நோய் உலகெங்கும் குதிரைகளுக்கு வருவது. வளர்பிறை தேய்பிறைக்கேற்ப வந்து போவதாக முற்காலத்து ஐரோப்பியர் எண்ணியதால் ஆங்கிலத்தில் 'மூன் பிளைண்ட்னெஸ்' என்பர். போன பார்வை மீளாது. மற்றொரு கண் நன்றாக இருக்கிறது, வேலை செய்யலாம். ஆனால் இடப்புறம் யாரும் ஓசையின்றி அணுகலாகாது. முதலில் குரல் கொடுக்க வேண்டும். பேசிக்கொண்டே செல்ல வேண்டும். குரல் கேட்கும் பக்கத்தில் பகை இல்லை என்று குதிரை தேறிக்கொள்ளும்.

திரும்பும் வழியெல்லாம் தந்தையார் வாய் திறக்கவில்லை. இருட்டிலிருந்து தன்மேல் இறங்கிய ஒவ்வோர் அடியையும் அந்த உயிர் எவ்வாறு உணர்ந்திருக்கும் என்று அவர் எண்ணியிருக்க வேண்டும். சண்டி என்று நாம் பெயரிட்டது அச்சத்தை. 'எனக்குத் தெரியவில்லை' என்று சொல்ல வாயில்லாத உயிர், நின்று காட்டியது; அவ்வளவே.

மறுநாள் முதல் தந்தையார் பேசத் தொடங்கினார்.

பேசாத அம்மனிதர்க்கு அது எளிதாக இருக்கவில்லை. முதலில், "சல், சல் பேட்டா" என்று விற்றவர் சொல்லிக்கொடுத்த தக்கினிச் சொற்களையே திரும்பத் திரும்பச் சொன்னார். அவை தீர்ந்தபின் தெருப்பெயர்களைச் சொன்னார். அவையும் தீர்ந்தபின் வேறு வழியின்றித் தம் கதையைச் சொல்லத் தொடங்கினார். திரும்பும் முனைகளில் கீழே இறங்கி, பிஜ்லியின் இடக்கழுத்தில் கைவைத்து நடந்துகொண்டே பேசுவார். வண்டியினுள் காய்கறி மூட்டைகளுக்கிடையே அமர்ந்து பள்ளிக்குச் செல்லும் எங்களைப் பற்றிய நினைவே அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை. அவர் குதிரைக்குச் சொன்னார், நாங்கள் கேட்டோம்.

பாலாற்றில் வெள்ளம் வந்த ஆண்டை அதற்குச் சொன்னார். ஐந்தாம் வகுப்பில் தாம் கணக்கில் முதலாவதாக வந்ததையும், அதே ஆண்டு பள்ளியை விட்டு நின்றதையும் சொன்னார். பாட்டனார் கைபிடித்து முதன்முதலாகத் தண்டு நிலையத்தில் இறங்கியபோது, சுற்றிலும் பேசப்பட்ட பேச்சு ஒன்றும் புரியாமல் அழுததைச் சொன்னார். பெரியம்மையில் இறந்த தம் தங்கையைப் பற்றி ஒரு மழைக்காலைப் பொழுதில் சொன்னார். அப்பெண்ணின் பெயரே எங்கள் தங்கைக்கு வைத்த பெயர் என்பது அன்றுதான் எங்களுக்குத் தெரியும். அவளும் வண்டியில்தான் இருந்தாள்; எங்கள் கையைப் பற்றிக்கொண்டாள்.

ஒருமுறை, புதிய முனையொன்றில் பிஜ்லி தயங்கி நின்றபோது, அதன் காதருகே அவர் சொன்னது எங்கள் செவியில் விழுந்தது: "பயமா இருக்குதாம்மா? எனக்குந்தான். சங்கிலியை மீட்கலேன்னா இந்த மாசத்தோட போயிடும். என்ன செய்யறது? வா, போலாம்."

எங்கள் தந்தையாருக்கு அச்சம் உண்டு என்று நாங்கள் அதற்குமுன் எண்ணியதே இல்லை. அவர் மௌனத்தைச் சினம் என்று கருதி ஒதுங்கியே வளர்ந்தோம். பிஜ்லியின் இடக்கண் நலமாக இருந்திருக்குமாயின் அவரை நாங்கள் கடைசிவரை அறியாமலே இருந்திருப்போம். சங்கிலியைத் தந்தையார் தவணை கடக்குமுன் மீட்டார். ஆறு திங்களில் பிஜ்லி, அவர் குரல் கேட்டால் இடப்புறமும் திரும்பலாயிற்று. ஆயினும் பழகிய வலச்சுற்றை நாங்கள் விட்டுவிடவில்லை. அச்சந்துகளில் எங்களுக்கு மனிதர்கள் இருந்தனர்.

பின்னாளில் பி.ஏ. பட்டத்திற்கு வரலாறு பயின்றபோது, பிஜ்லியின் உறவினர் பலரை நூல்களில் சந்தித்தோம். மாசிடோனியாவில் ஒருவராலும் அடக்க முடியாத பூசெபலஸ் என்னும் குதிரை, தன் நிழலைக் கண்டே மிரள்கிறது என்பதைச் சிறுவன் அலெக்சாந்தர் கண்டுகொண்டு, அதன் முகத்தைச் சூரியனை நோக்கித் திருப்பி ஏறிய நிகழ்ச்சியைப் புளூட்டார்க் எழுதியுள்ளார். சாட்டை செய்யாததை ஒரு திருப்பம் செய்தது. பாண்டி நாட்டுக்குக் கடல்வழியே குதிரைகள் வந்து குவிந்ததையும், பேணத் தெரிந்தவர் இன்மையால் அவை மடிந்ததையும் மார்க்கோ போலோ குறித்துள்ளார். குதிரைக்குப் பொருள் கொடுத்தோம்; அதனைக் கற்க நேரம் கொடுக்கவில்லை என்பது அக்குறிப்பின் பொருள் போலும்.

யாவற்றினும் எங்களைக் கவர்ந்தது பெர்லின் நகரத்துக் கெட்டிக்கார ஹான்ஸ். வில்ஹெல்ம் வான் ஆஸ்டன் என்பவரது அக்குதிரை, கேட்ட கணக்குக்கெல்லாம் குளம்பைத் தட்டி விடை சொல்லிற்று. உலகமே வியந்தது. ஆஸ்கார் பிங்ஸ்ட் என்னும் ஆய்வாளர் 1907ஆம் ஆண்டில் உண்மையைக் கண்டறிந்தார். கேட்பவர்க்கே விடை தெரியாதபோதும், கேட்பவரைக் குதிரை காண முடியாதபோதும் விடை தவறிற்று. சரியான எண்ணை எட்டியதும் கேட்பவர் தம்மை அறியாமல் காட்டிய மிகச் சிறிய அசைவைக் கண்டே அது தட்டுவதை நிறுத்தியது! கணக்கு அறியாத குதிரை. மனிதரைப் படிக்க அறிந்த குதிரை. ஆய்வாளரின் எதிர்பார்ப்பு ஆய்வைக் கெடுத்துவிடலாகாது என்னும் எச்சரிக்கை இன்றும் உளவியலில் அக்குதிரையின் பெயராலேயே வழங்குகிறது. இதனைப் படித்தபோது ஒன்று விளங்கிற்று. வாரைப் பிடித்த தந்தையாரின் கை நடுங்கியபோதெல்லாம் பிஜ்லி நின்றது. அவர் தம் அச்சத்தை வாய்விட்டுச் சொல்லிக் கை தளர்ந்தபோது அது நடந்தது. தழும்பு அதன் விலாவில் இருந்தது. பாடம் எங்களுக்கு இருந்தது.

1991ஆம் ஆண்டு டிசம்பரை இந்நகரத்துத் தமிழர் மறந்திருக்க இயலாது. காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால ஆணை அரசிதழில் வெளியானதைத் தொடர்ந்து மூண்ட கலவரத்தில் உயிரும் உடைமையும் அழிந்தன. பழம்புண்ணைக் கிளறுவது எங்கள் நோக்கமன்று. அவ்விரவைப் பற்றி ஒன்று மட்டும் சொல்வோம். எங்கள் தெருவின் ஒரு முனையில் கூச்சல் கேட்டபோது, மறுமுனை வழியாக டீச்சரம்மாவின் மகன் வந்தார். "அம்மா அழைத்துவரச் சொன்னார்கள்" என்றார். எங்களை வண்டியில் ஏற்றி, மேலே கோணிகளைப் போர்த்தி, விளக்கின்றிப் புறப்பட்டோம். தந்தையார் வாரைப் பிடித்துக்கொண்டு வலப்புறம் நடந்தார். அவர் வாய் திறந்து தமிழில் பேச முடியாத இரவு அது. குரல் இல்லையேல் பிஜ்லி நகராது. டீச்சரம்மாவின் மகன் அதன் இடப்பக்கம் சென்று கழுத்தில் கைவைத்து, "பாரம்மா, பா... ஹெதர பேடா" என்று கன்னடத்தில் பேசிக்கொண்டே நடந்தார். 'வா அம்மா, அஞ்சாதே' என்று பொருள். ஐந்தாண்டுகளாக அவ்வீட்டு வாயிலில் நின்று கேட்டுப் பழகிய குரல் அல்லவா? பிஜ்லி ஓரிடத்திலும் நிற்கவில்லை. பழகிய சந்துகளின் வழியே, வலம் வலமாகத் திரும்பி, அவர்கள் வீட்டுக் கொல்லையை அடைந்தோம். அமைதி திரும்பும்வரை அவ்வீட்டிலேயே இருந்தோம்.

நமக்குப் பார்வை எட்டாத பக்கம் என்று ஒன்று உண்டு. அயல்மொழி பேசும் ஊரில் குடியேறியவர்க்கு அப்பக்கம் சற்றுப் பெரிதாகவே இருக்கும். அங்கே நின்று நட்போடு ஒலிக்கும் ஒரு குரல் நமக்கு இருக்குமாயின் நாம் நடப்போம். இல்லையேல் நாமும் சண்டிகளே. அதேபோல் பிறர்க்குப் பார்வை எட்டாத பக்கத்தில் நாம் ஓசையின்றி நிற்கலாகாது. முதலில் குரல் கொடுக்க வேண்டும். கன்னடம் கற்பது தமிழை இழப்பதாகும் என்று அஞ்சும் பெற்றோர் நம்மிடையே இன்றும் சிலர் உளர். அவர்கட்கு எங்கள் பிஜ்லியைச் சொல்வோம். அது தக்கினியில் தொடங்கித் தமிழில் வளர்ந்து கன்னடத்தில் எங்களைக் காத்தது. எந்த மொழியையும் அது இழக்கவில்லை.

பிஜ்லி 1997ஆம் ஆண்டில் முதுமையால் இறந்தது. அதன்பின் தந்தையார் வேறு குதிரை வாங்கவில்லை. ஜட்காவுக்கும் ஊரில் இடமில்லாமற் போயிற்று. பதினெட்டு ஆண்டுகள் மூடப்பட்டிருந்த திருவள்ளுவர் சிலை 2009ஆம் ஆண்டு ஆகஸ்டு 9ஆம் நாள் அல்சூர் ஏரிக்கரையில் திறக்கப்பட்டது. நான்கு நாட்களில் சென்னையில் கன்னடக் கவி சர்வக்ஞர் சிலையும் திறக்கப்பட்டது. கூட்டம் கலைந்தபின் தந்தையாரை ஏரிக்கரைக்கு அழைத்துச் சென்றோம். நெடுநேரம் வள்ளுவரை நோக்கி நின்றவர், "பாவம், இத்தனை வருஷம் கண்ணுக்குப் பட்டை கட்டி வச்சிருந்தாங்க" என்றார். அவர் எதனை நினைத்துச் சொன்னார் என்பது எங்களுக்கு மட்டும் தெரியும். மூன்றாண்டுகள் கழித்து அவரும் மறைந்தார்.

இன்று பெங்களூரில் எங்கு நோக்கினும் ஒருவழிப் பாதை. இடப்புறம் இருக்கும் கடைக்கு மூன்று தெருக்கள் சுற்றிச் செல்ல வேண்டியுள்ளது. பேருந்தில் அருகே அமர்ந்திருப்போர் சலித்துக்கொள்ளும்போது எங்களுக்கு உள்ளூர நகை தோன்றும். ஊர் முழுவதையும் ஒரு நாள் தன்னைப்போல் சுற்றவைக்கும் என்று அந்தச் செந்நிறக் குதிரை அறிந்திருக்குமோ?

மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தராகப் பணியாற்றும் எமக்கும் தந்தையாரின் மௌனமே வாய்த்துள்ளது. கோப்புகளோடு பேசிப் பேசி, வீட்டில் பேச ஒன்றும் மிஞ்சுவதில்லை. பதினான்கு வயது மகன் தன் கைப்பேசியோடு ஓர் அறையிலும், நாம் செய்தித்தாளோடு மற்றோர் அறையிலும் அமர்ந்து ஆண்டுகள் சில கழிந்தன. அவனையும் சண்டி என்றே நாம் அழைத்து வந்தோம். சென்ற ஆண்டு ஒரு மாலை, தந்தையார் எறவாணத்தில் செருகிய சாட்டை நினைவுக்கு வந்தது. "வா, ஏரியைச் சுற்றி வரலாம்" என்றோம். அவன் வியப்போடு எழுந்து வந்தான். முதல் நாள் இருவரும் பேசவில்லை. இரண்டாம் நாளும் பேசவில்லை. பிஜ்லி இல்லாத குறை நன்கு தெரிந்தது. மூன்றாம் நாள், வேறு வழி தோன்றாமல், "எங்க வீட்டுல ஒரு குதிரை இருந்துச்சு" என்று தொடங்கினோம்.

அவன் கைப்பேசியைச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டு, "குதிரையா?" என்றான்.

அன்று முதல் மாலைதோறும் நடக்கிறோம். வலமாகத்தான்.